வண்டி யார் பேரில் இருக்கிறது?



நாற்பத்தாறு வயசில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். காலை அஞ்சரை மணிக்கு மகாமகக் குளத்துக் கரையில் என் மகள் பின்னாலேயே ஓடி வர, 'அம்மா, பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி' என்று அவள் கத்த, பால்காரர் சிரிக்க... அதையெல்லாம் தாண்டி எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் புது வண்டியும் வாங்கினோம். ஷோரூமில் ஒரு தம்பி, "இன்ஷூரன்ஸ் அஞ்சு வருஷம் மேடம், நீங்க கவலையே பட வேணாம்" என்று சொல்லி, ஆன்ரோடு விலை என்று மொத்தமாக ஒரு தொகையைக் காட்டினார். நாங்களும் தலையாட்டினோம். ஆர்.சி. புக் என் கணவர் பேரில். சம்பளச் சீட்டு அவருடையது, கடனும் அவர் பேரில், அதனால் வண்டியும் அவர் பேரில். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தர். எனக்கு முன்னாலேயே வண்டி ஓட்டக் கற்றவர். எனக்குத் தைரியம் சொன்னவரே அவர்தான். நாலு மாதம் முன்பு தாராசுரம் போகிற வழியில் ரோட்டோர மணலில் சறுக்கி விழுந்தார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, யாரும் இடிக்கவில்லை. வண்டி காலின் மேலேயே விழுந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மிதித்துத் தைத்தவர் இப்போது மெஷினுக்கு மோட்டார் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வண்டி அவருடைய தம்பி பேரில். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தது, விபத்துக் காப்பீடும் அதில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. தம்பி பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பாதுகாப்பு வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போதுதான், அக்காவுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பாலிசியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வண்டி அக்கா பேரில் இருந்து, அவர் பேரில் அந்தக் காப்பீடும் இருந்திருந்தால் ஏழரை லட்சம் ரூபாய் வந்திருக்கும். கம்பெனியின் தவறும் இல்லை, அக்காவின் தவறும் இல்லை. பேர்தான் மாறிப் போயிருந்தது.

அன்று ராத்திரி பீரோவைக் குடைந்து எங்கள் பாலிசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புரியாத இடத்தை எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன என் பெரியப்பா மகனிடம் போனில் கேட்டேன். வண்டி ஓட்டப் பழகும் சகோதரிகளுக்கு அதை அப்படியே சொல்கிறேன்.

அந்த ஒரே தாளில் மூன்று வேறு வேறு விஷயம் இருக்கிறது. முதலாவது, நம்மால் அடிபடுகிற மூன்றாம் நபருக்கானது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் ரோட்டில் வண்டியே இறக்கக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு இதை அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள புது வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு 3,851 ரூபாய், வரி தனி. ஷோரூம் தம்பி சொன்ன 'அஞ்சு வருஷம்' இது மட்டும்தான்!

இரண்டாவது, நம் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு, வெள்ளம், தீ இவற்றுக்கானது. ஓன் டேமேஜ் என்கிறார்கள். எங்கள் பாலிசியில் இது ஒரே வருஷம். முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. நான் அன்று பார்க்காமல் இருந்திருந்தால், அஞ்சு வருஷம் இருக்கிறதே என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பேன். வண்டி திருடு போன அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவதுதான் அக்காவுக்குக் கிடைக்காமல் போனது. சொந்தக்காரர் ஓட்டும்போது இறந்தாலோ, கை கால் கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ கிடைக்கும் காப்பீடு. 2018-லிருந்து 15 லட்சம் ரூபாய். ஒரு கையோ காலோ போனால் அதில் பாதி. சாதாரண எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் இதில் பணம் வராது, அதற்கு மருத்துவக் காப்பீடுதான். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ, லைசென்ஸ் யாரிடம் இருக்கிறதோ, அவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நான் ஓட்டிப் போய் ஒருவரை இடித்தால் அவருக்குப் பணம் உண்டு. லைசென்ஸ் இருப்பதால் வண்டிச் சேதத்துக்கும் உண்டு. தினம் அந்த வண்டியை ஓட்டுகிற எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை! ஆபீசுக்கு பஸ்ஸில் போகிற என் கணவருக்கு 15 லட்சம் பாதுகாப்பு!

பின்னால் உட்காருபவர் விஷயமும் கேட்டேன். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் பின் சீட்டில் இருப்பவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2006-ல் சொல்லியிருக்கிறதாம். ஓன் டேமேஜும் சேர்ந்த முழு பாலிசியில் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும் அம்மாக்கள், நானூறு ஐநூறு மிச்சம் என்று வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்வதை நான் ஒப்ப மாட்டேன்.

புதுசாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. நாம் முதல் வருஷத்தில் உடைப்பதெல்லாம் பிளாஸ்டிக்தான். முன் பக்கப் பலகை, கண்ணாடிக் கூடு, மட்கார்ட்... நான் கேட்டில் மோதியதை இங்கே எழுதப் போவதில்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 'ஜீரோ டெப்' என்று கொஞ்சம் கூடக் கட்டினால் அந்தக் கழிவு இல்லை. முதல் இரண்டு வருஷம் அது நல்லது, பிறகு உங்கள் இஷ்டம். கிளெய்ம் வாங்காத வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஒரு சலுகை தருகிறார்கள். அதுவும் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். அந்தச் சலுகை போய்விடுமே என்று பெரிய செலவைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் தங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'ஆர்.சி. மாறினால் போதும்' என்பது தப்பு.

மறுநாள் காபி கொடுக்கும்போது, "என்னங்க, வண்டியை என் பேருக்கு மாத்திக் கொடுங்க" என்றேன். "ஏன், என் பேர்ல இருந்தா ஓடாதா?" என்று சிரித்தார். தாளை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நானும் படிக்கலையே" என்றார், அவ்வளவுதான். கோபம் இல்லை. ஆனால் கடன் முடியவில்லை. பைனான்ஸ்காரர் சம்மதக் கடிதம் தராமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாறாது. கேட்டு எழுதியிருக்கிறோம்.

அதுவரை சும்மா இருக்க மனசு வரவில்லை. என் பேரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டேன். பாங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவிலும் சேர்ந்தேன். 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். யார் வண்டியை ஓட்டினாலும் சரி, நடந்தே போனாலும் சரி, இதற்கு ஆர்.சி. புக் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குள்ள வருத்தம் ஷோரூம்காரர்கள் மேல்தான். சீட் கவருக்கும் சைடு கம்பிக்கும் கால் மணி நேரம் பேசுகிறவர்கள், "இந்த வண்டியை ஓட்டப் போவது யாருங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே என் பேரில் எழுதியிருப்போம், கடன் மட்டும் எப்படி என்று யோசித்திருப்போம். அவர்கள் காட்டும் கம்பெனியில்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அதையும் சொல்ல மாட்டார்கள்.

தையல் அக்காவிடம் இந்தக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, என் பேரை மட்டும் போடாதே" என்றார். பிறகு, "உன் வண்டி மாறிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை அக்கா, அடுத்த வாரம் பைனான்ஸ் ஆபீசுக்கு மறுபடி போகிறேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.