முதனூல் உண்டு, தமிழுரை எங்கே?



இற்றை நாளில் உலாவிகளில் இணையப் பக்கங்களை இயக்கும் மொழி சாவாசுகிரிப்டு. 1995-ஆம் ஆண்டு, நெட்சுகேப்பு நிறுவனத்தில் பணியாற்றிய பிரண்டன் ஐக்கு என்பார் பத்தே நாள்களில் அதன் முதல் வடிவை ஆக்கினார். 1997-இல் எக்மா என்னும் அமைப்பு அதற்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டது.

ஒரு மொழியைக் கற்பார்க்கு வேண்டுவன மூன்று: முதனூல், உரை, பயிற்சி. இம்மூன்றும் இம்மொழிக்குக் காசின்றிக் கிடைக்கின்றன. எக்மா-262 என்னும் முதனூல், 2015 முதல் ஆண்டுதோறும் புதுக்கப்பெற்று எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. அது நூற்பாப் போல் இறுகியது. தொடக்கத்தார்க்கு எளிதில் விளங்காது. அதற்கு உரையாய் நிற்பது, மொசில்லா 2005-இல் தொடங்கிய எம்.டி.என். களஞ்சியம். ஒவ்வோர் உறுப்புக்கும் பொருளும், எடுத்துக்காட்டும், எந்த உலாவியில் அது இயங்கும் என்னும் பட்டியலும் அதிலுண்டு. முறையாகத் தொடங்குவார்க்கு மரைன் ஏவர்பேக்கு எழுதிய 'எலோக்குவண்டு சாவாசுகிரிப்டு' உண்டு; 2024-இல் நான்காம் பதிப்புக் கண்ட அந்நூலையும் இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். பயிற்சிக்கோ, கணிப்பொறியில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினாற் போதும். கட்டளை எழுதியவுடன் விடை வரும்; பிழையிருப்பின் அதையும் சுட்டும்.

அங்கே ஒன்று செய்து பாருங்கள். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். ஐந்து என்னும்! நம் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் மூன்று என்பானே! ஒருங்குறி முறையில் 'மி'யின் இகரக் குறியும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனி இடம் பெற்றவை. நீளம் காட்டும் உறுப்பு அவ்விடங்களை எண்ணுகின்றதேயன்றி எழுத்துகளை அன்று. எழுத்தெண்ணுதற்கு 'இண்டல் செக்மெண்டர்' என்னும் உறுப்பு அம்மொழியிலேயே உண்டு. அது மூன்று என்றே சொல்லும். இதனை அறியாதான் ஒருவன், நான்கு இடமே தருவேன் என்று ஒரு படிவம் அமைத்தால், நம் மொழியின் பெயர் புள்ளியிழந்து 'தமிழ' என நிற்கும். மொழியறிவும் நிரலறிவும் கூடாதவிடத்து நேரும் கேடு இது.

என் பழைய மாணாக்கன் ஒருவன் 'அசிங்க்' என்பதன் விளக்கத்தை ஆங்கிலத்தில் நெட்டுருவாய் ஒப்பித்தான். தமிழில் சொல் என்றேன், வாய் திறக்கவில்லை. "உலை வைத்தவள் அது கொதிக்கும்வரை அடுப்பின் முன் நிற்பாளா? காய் நறுக்கப் போவாள். கொதித்தபின் வந்து அரிசி இடுவாள். அதுதானே?" என்றேன். "ஐயா, இத்தனை எளிதா!" என்றான். ஓராண்டு உருப்போட்டும் விளங்காதது ஒரு நொடியில் விளங்கிற்று.

எம்.டி.என். களஞ்சியம் பிரெஞ்சு, இசுபானியம், சப்பானியம், கொரியம், உருசியம், சீனம் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பேணப்படுகின்றது. தமிழ் அவ்வரிசையில் இல்லை. தடுத்தவர் எவர்? ஒருவருமிலர்! எடுத்த இடத்தைச் சுட்டி, அதே உரிமத்தில் எவரும் அவ்வுரையைப் பெயர்த்து வெளியிடலாம். எனவே குறை நம்முடையதே.

நிரலறிந்த இளைஞர் ஒருவரும் தமிழறிந்த ஆசிரியர் ஒருவரும் ஒருங்கமர்ந்து, திங்களுக்கு ஒரு பக்கமேனும் தமிழாக்குக. இளைஞர் பொருளைக் காக்கட்டும். ஆசிரியர் சொல்லைக் காக்கட்டும். மேடையில் தமிழ் வாழ்க என்போம். அடுத்த நாட் காலையில் அம்முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவோம்!