ஆளில்லா விமானமும் அந்நியச் சரக்கும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் பேட்டையில், ஆளில்லா விமானங்களைப் பரீட்சிப்பதற்கென்று சுமார் 45 கோடி ரூபாய்ச் செலவில் பொது நிலையம் ஒன்று அமைக்க 2023-ஆம் வருஷத்தில் ஏற்பாடாயிற்று. மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்போன ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தில் யுத்தத் தளவாடத் தொழிலும் வேரூன்றுவது கண்டு மகிழாத தமிழர் இரார். எனினும் அந்நிலையம் எதைப் பரீட்சிக்கப் போகின்றது என்பதை இப்பொழுதே கேட்டுவைத்தல் நலம்.

காலாட்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து தாக்கும் போர் விமானங்களின் காலம் தீர்ந்தது, இனி ட்ரோன்களே போதும் என்போர் பலர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1999-ஆம் வருஷத்துக் கார்கில் யுத்தத்தில், மே 27, 28 ஆகிய இரு தினங்களில் மிக்-21 ஒன்றும், மிக்-27 ஒன்றும், மி-17 ஹெலிகாப்டர் ஒன்றும் நமக்கு நஷ்டமாயின. தோளில் தாங்கி ஏவும் சிறு ஏவுகணை, தாழப் பறப்பவற்றுக்கு எமன் என்பது அன்றே புலனாயிற்று. மிக்-27 ரகமும் 2019 டிஸம்பரில் ஓய்வு பெற்றுவிட்டது. ட்ரோன் வீழ்ந்தால் விமானியின் உயிர் போவதில்லை. இது சாமானிய லாபமன்று. ஆயின் சிறு ட்ரோன் சுமக்கும் வெடிமருந்து சொற்பம். ரேடியோ அலைகளைக் குலைத்துவிட்டாலோ அது குருடாகிவிடும். கார்கில் சிகரங்களில் மிராஜ் விமானங்கள் உயரத்திலிருந்து வீசிய லேசர் குண்டுகளின் வேலையை அது செய்துவிடாது. ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வாதத்தினும் பெரியது வேறொன்று. 2022 பிப்ரவரியில் அந்நிய ட்ரோன்களின் இறக்குமதியை இந்திய சர்க்கார் தடுத்தனர், உதிரிபாகங்களைத் தடுக்கவில்லை. விளைவு யாது? சீனப் பாகங்கள் இருந்தமையால் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்ததாக 2025 பிப்ரவரியில் பத்திரிகைகள் தெரிவித்தன. எவருக்கு எதிராக எல்லையில் நிறுத்துகின்றோமோ, அவரிடமே அதன் மூளையை விலைக்கு வாங்குவது என்ன சுதேசியம்! அதே வருஷம் ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தவுடன், நம் மோட்டார்த் தொழிற்சாலைகள் திகைத்ததையும் கண்டோம்.

வல்லம் வடகால் நிலையம் போன்றவற்றின் செலவில் முக்கால் பங்கு வரை மத்திய சர்க்கார் மானியம் தருகின்றனர். அது ஜனங்களின் பணம். ட்ரோன் பறக்கின்றதா என்று மட்டும் பார்த்துச் சான்றிதழ் வழங்கினால் போதாது. மோட்டார், பாட்டரி, பறப்பை நடத்தும் மின்னணுப் பலகை ஆகிய ஒவ்வொன்றும் எந்நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்த்து, அச்சான்றிதழிலேயே எழுத வேண்டும். இதனை நிபந்தனையாக விதிக்குமாறு மத்திய, தமிழ்நாடு சர்க்கார்களை வற்புறுத்துகின்றோம்.