செய்தி போட்டாச்சு, சேர்ந்துச்சா?



எங்க பாப்பாரப்பட்டியில தியாகி சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கு. இந்த மாதிரி நினைவிடம், மணிமண்டபம் எல்லாம் தமிழ்நாடு அரசோட செய்தி மக்கள் தொடர்புத் துறை பொறுப்புல இருக்கு. கலெக்டர் நிகழ்ச்சிய படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புறது, திட்டங்களைப் பத்தி செய்திக்குறிப்பு கொடுக்கிறது எல்லாம் அதே துறைதான். 'தமிழரசு' மாத இதழும் அவங்களோடதுதான். மாவட்டத்துல அந்த வேலைய பார்க்கிற அலுவலர நாம பி.ஆர்.ஓ.ன்னு சொல்றோம்.

அந்த நாற்காலியில உட்கார்றவருக்கு எது முக்கியமான வேலை? நான் படிச்சது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். ஆனா அந்தச் செய்தியை நம்பி வெள்ளாமை பண்றவன்ற முறையில எனக்கு ஒரு கருத்து இருக்கு.

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி பக்கத்து நிலத்து அண்ணன் நிலக்கடலை போட்டிருந்தார். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி இன்னதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு. காலை வணக்கம் படங்களுக்கு நடுவுல அதை அவர் பார்த்தப்போ மூணே நாள்தான் மிச்சம். வி.ஏ.ஓ.கிட்ட அடங்கல் வாங்கணும், சிட்டா, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் சேர்க்கணும். அடங்கல் கைக்கு வந்தப்போ தேதி முடிஞ்சிருச்சு. அந்த வருஷம் மழையும் ஏமாத்திருச்சு. விதைக்கு வாங்கின கடன்தான் மிச்சம்.

அரசு செய்தி போடலன்னு சொல்ல முடியாது. போட்டாங்க. ஆனா செய்திக்குறிப்ப எடுத்துப் படிச்சுப் பாருங்க. யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்பு எல்லாம் மேல இருக்கும். நமக்கு வேண்டிய தேதி கடைசி வரியில இருக்கும்.

இதே மாவட்டத்துல சரியா நடக்கிற ஒண்ணும் இருக்கு. கர்நாடகாவுல கபினி, கே.ஆர்.எஸ். அணையில தண்ணி திறந்தா, பிலிகுண்டுலுவில எத்தனை ஆயிரம் கன அடி வருதுன்னு செய்தி வந்துடும். ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டத் தடை, குளிக்கத் தடைன்னு சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். எங்க, என்ன, என்ன செய்யக்கூடாதுன்னு மூணே விஷயம்தான் அதுல இருக்கு. உயிர் போகும்னா சுருக்கமாச் சொல்லத் தெரியுது. பயிர் போகும்போதும் அப்படிச் சொல்லலாமே.

2022 ஆகஸ்ட்ல அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, தண்டோரா போடுற வழக்கத்த நிறுத்தச் சொல்லி கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கன்னார். ஒரு மனுஷனோட மரியாதையக் குறைக்கிற வழக்கம் போனது ரொம்ப சரி. ஆனா அந்த வண்டி வரணுமே! ஓட்டு கேட்க சந்து சந்தா வர்ற மைக், காப்பீட்டுக் கடைசித் தேதிக்கு வரக்கூடாதா?

நான் கேக்கிறது பெரிய செலவு இல்ல. தேதியையும் வேண்டிய காகிதங்களையும் முதல் வரியில போடுங்க. பதினஞ்சு நாள் முன்னாடியே சொல்லுங்க. ரேஷன் கடையிலயும் பால் சொசைட்டியிலயும் ஒட்டுங்க. அதுக்கப்புறம் ஏதாவது ஒரு ஊர்ல பத்து விவசாயிக்குப் போன் போட்டு "தெரியுமா?"ன்னு கேளுங்க. ஆறு பேர் தெரியாதுன்னா, அதை அப்படியே கலெக்டர்கிட்ட சொல்லுங்க. மேல இருக்கிறத கீழ சொல்றது பாதி வேலை, கீழ இருக்கிறத மேல சொல்றது மீதி வேலை. ஒரு ஆபீஸ் மாவட்டம் முழுக்கப் பார்க்கணும், கஷ்டம்தான். அதுக்குத்தான் போன் இருக்கே.

சிவாவுக்கு ஜெயில்ல தொழுநோய் வந்துச்சு. ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளைக்கார அரசு தடுத்துச்சு. மனுஷன் நடந்தும் மாட்டு வண்டியிலயும் ஊர் ஊராப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 எங்க ஊர்லதான் கண்ண மூடினார். அவர் நினைவிடத்தப் பார்த்துக்கிற துறைக்கு, கார் இருக்கு, மைக் இருக்கு, போன் இருக்கு. எங்க தெரு வரைக்கும் வந்தாப் போதும்.

உங்க ஊர்ல காப்பீட்டுத் தேதி எப்படித் தெரிய வருதுன்னு எழுதுங்க.