பாலைப்பழத்தின் பாலும் கோல்ப் பந்தும்



மே, ஜூன் மாதங்களில் வன்னிக் காட்டோரமாகப் போய் வந்தவர்களுக்குப் பாலைப்பழத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் நிறம், விரல் நுனி அளவு, தேன் போன்ற இனிப்பு. பத்துப் பழம் தின்றதும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் விடும். கரடிக்கும் இந்தப் பழம் என்றால் உயிர். அதனால்தான் பழக்காலத்தில் தனியே காட்டுக்குப் போகாதே என்று பெரியவர்கள் தடுப்பார்கள். உதட்டில் ஒட்டும் அந்தப் பாலைப் பற்றித்தான் இம்மாதம் பேச இருக்கிறேன். பேச்சு கோல்ப் விளையாட்டு வரை போகும். பொறுமையுடன் வாருங்கள்.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் விடுமுறையில் அவிசாவளைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய் வந்தான். களனிவெளி ரயில் பாதை கொழும்பில் கோல்ப் மைதானத்தின் ஊடாகவே செல்கிறது. யன்னல் வழியே பார்த்து வந்தவன், "மௌலவி, அந்தச் சின்ன வெள்ளைப் பந்துக்குள் என்னதான் இருக்கிறது? ஏன் அத்தனை விலை?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "அது பணக்காரர் விளையாட்டு. வன்னியில் இருக்கிற நமக்கு அது எதற்கு?" என்றான். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பந்திடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பாருங்கள். தூரம் போக வேண்டும். அடிக்கும்போது கைக்கு இதமாக இருக்க வேண்டும். எத்தனை அடி வாங்கினாலும் கிழியவோ உடையவோ கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. மென்மையான பொருள் இதமாக இருக்கும், வெட்டுப்படும். கடினமான பொருள் வெட்டுப்படாது, கல்லை அடித்தது போல் கை அதிரும். களிமண் உருண்டையை அடித்தால் அது அடியின் விசையைத் தனக்குள் விழுங்கிவிடுகிறது. நல்ல பந்து நசுங்க வேண்டும், நசுங்கிய மறுகணமே வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கை அதை உணர்வதற்குள் பந்து பறந்துவிடுகிறது. ஆகவே இதமான அடி என்று ஆட்டக்காரர் சொல்வதில் பெரும் பங்கு காதில் விழும் ஓசைக்கு உரியது.

பழைய காலத்து ஸ்கொட்லாந்தில் தோல் உறைக்குள் வாத்து இறகை அடைத்துப் பந்து செய்தார்கள். ஒரு பந்துக்கு ஒரு பெரிய தொப்பி நிறைய இறகு வேண்டும். தேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துக்கு மேல் செய்ய முடியாது. மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும். விலையோ ஏழை தொட முடியாதது.

இந்த இடத்தில்தான் மலாய் மக்களின் அறிவு வருகிறது. மலாயாக் காட்டில் ஒரு மரத்தின் பாலை அவர்கள் கெட்டா பெர்ச்சா என்றார்கள். கெட்டா என்றால் மலாய் மொழியில் மரப்பால். வெந்நீரில் போட்டால் அது மாவு போல் இளகும், விரும்பிய வடிவம் கொடுக்கலாம், ஆறியதும் மரக்கட்டை போல் இறுகிவிடும். கத்திக்குப் பிடி போட அதைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் இருந்த மொன்ற்கொமெரி என்ற வைத்தியர் அதைக் கவனித்து, 1843 அளவில் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அனுப்பியவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. கத்திப் பிடி செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

1848 அளவில் ஸ்கொட்லாந்தில் அந்தப் பாலை உருட்டிக் கோல்ப் பந்து செய்தார்கள். விலை மிகக் குறைவு, மழைக்கும் அஞ்சாது. வெடிப்பு விழுந்தால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்து செய்து பிழைத்தவர்களுக்கு இது இடி. சென்ட் அன்ட்ரூஸ் ஊரின் பெயர்பெற்ற பந்துத் தொழிலாளி அலன் றொபட்சனுக்கும் அவரிடம் வேலை செய்த டொம் மொறிசுக்கும் இடையே இந்தப் புதுப் பந்தால்தான் பிளவு ஏற்பட்டது. பின்னர் றொபட்சனும் அதையே செய்ய வேண்டி வந்தது வேறு கதை. குளிர் நாளில் அந்தப் பந்து பறக்கும்போதே துண்டாக உடைவதும் உண்டு. பெரிய துண்டு விழுந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம் என்று அதற்கு விதியே செய்தார்கள்! இன்னொன்றையும் கண்டார்கள். வழவழப்பான புதுப் பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நன்றாகப் பறந்தது. இன்று பந்தின் மேல் நூற்றுக்கணக்கான குழிகள் இருப்பது அங்கே தொடங்கிய பாடம். அக்குழிகள் காற்றைப் பந்தோடு ஒட்டிப் போக வைத்து, பின்னிழுக்கும் தடையைக் குறைக்கின்றன.

கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் கோல்ப் கழகங்கள் தோன்றியபோது உலகெங்கும் ஆடப்பட்டது இந்த மரப்பால் பந்துதான்.

பந்து சிறு செலவு. பெரும் செலவு கடலுக்கடியில் போன தந்திக் கம்பிகளுக்கு. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பிக்கு உறை இந்தப் பால்தான். அதன் பிறகு கடல் தாண்டிப் போன கம்பிகளுக்கெல்லாம் இதுவே உறையாயிற்று. றப்பர் மரத்தைக் கீறினால் பால் வழிந்து வரும். இந்த மரத்தில் பால் தனித்தனிப் பைகளில் தங்கி நிற்பதால் கீறினால் கொஞ்சமே கசியும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையைச் சுற்றி வளையம் வளையமாக வெட்டிப் பால் எடுத்தார்கள். முழு மரத்துக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். சில பத்தாண்டுகளில் காடுகள் வெறுமையாயின. இலையிலிருந்தும் பால் எடுக்கலாம் என்ற வழி பிந்தித்தான் கைக்கு வந்தது. ஜாவாவின் சிப்பெத்திரில் 1885இல் ஒல்லாந்தர் தோட்டம் போட்டு, பின்னர் இலையை அரைத்துப் பால் எடுத்தார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் பொறித்த பாளங்கள் ஒரு நூற்றாண்டு கடலில் கிடந்த பின்னும் கெடாமல் அண்மைக் காலத்தில் ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கின. இந்தப் பொருளின் உறுதிக்கு வேறு சான்று வேண்டுமா?

இப்போது ஒரு சந்தேகம் எழும். றப்பர் பாலும் மரப்பால், இதுவும் மரப்பால். அது இழுபடுகிறது, இது ஏன் இறுகுகிறது? அறபு படித்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்தை அந்த வரிசையில் வைத்தால் இல்ம், அறிவு. லாமையும் மீமையும் இடம் மாற்றினால் அமல், செயல். எழுத்து அதே எழுத்து. றப்பரிலும் இந்தப் பாலிலும் இருப்பது ஐசோபிரீன் என்ற ஒரே துண்டுதான். காபனும் ஐதரசனும் அதே கணக்கு. ஆயிரக்கணக்கான துண்டுகள் சங்கிலியாகக் கோக்கப்படும்போது, றப்பரில் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே பக்கமாக மடிகிறது. அதனால் நெளிந்து சுருண்டு கிடக்கிறது, இழுத்தால் நீள்கிறது. மற்றதில் மடிப்பு எதிரெதிர்ப் பக்கம். அதனால் சங்கிலிகள் நேராக நின்று, அடுக்கிய விறகு போல் நெருங்கி இறுகுகின்றன.

1898இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹஸ்கல் என்பவர் இரண்டையும் சேர்த்தார். றப்பர் நூலை இழுத்து இழுத்துப் பந்தாகச் சுற்றி, மேலே மரப்பால் ஓடு போட்டார். நம் பிள்ளைகள் பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கித் துணி உருண்டை மேல் சுற்றி விளையாடுகிறார்களே, அதே வித்தை! சுற்றிய றப்பர் விசையைத் திருப்பித் தந்தது, தூரம் கூடியது. ஓட்டுக்கு விரைவில் வேறொரு பால் வந்தது. பலாட்டா என்று பெயர். கயானா, பிரேசில் பக்கத்துக் காட்டு மரம். பழைய பாலைவிட மென்மை.

வாசகர்களே, அந்தப் பலாட்டா மரம் எது தெரியுமா? தாவரவியல் பெயர் மனில்காரா பைடென்ராட்டா. நம் வன்னிப் பாலைக்குப் பெயர் மனில்காரா ஹெக்சான்றா. ஒரே இனத்துப் பிள்ளைகள்! கிளைப் பெயர்தான் வேறு. சூயிங்கம்முக்குப் பால் தந்த சப்போடில்லாவும் இதே இனம். இலுப்பையும் மகிழும் மலாயாவின் அந்த மரமும் பெரிய குடும்பத்துச் சொந்தங்கள். "நமக்கு அது எதற்கு?" என்று கேட்ட தம்பிக்கு இதுவே பதில்.

பலாட்டா ஓட்டுப் பந்தைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கைவிட மறுத்தார்கள். அது மட்டையின் முகத்தைப் பற்றிச் சுழலும், குழிக்கு அருகே விழுந்தால் ஓடாமல் நிற்கும். ஆனால் இரும்பு மட்டையின் விளிம்பு தவறிப் பட்டால் வாய் பிளந்ததுபோல் வெட்டு விழும். பந்து அத்தோடு முடிந்தது. 1960களில் டூபொன்ட் கம்பனி சேர்லின் என்ற செயற்கைப் பொருளைக் கொண்டுவந்தது. அதன் சங்கிலிகளை மின்னேற்றமுள்ள உலோக அணுக்கள் பிடித்து வைத்திருப்பதால் எளிதில் வெட்டுப்படாது. நூல் சுற்றுக்குப் பதிலாக, பொலிபியூட்டாடையீன் என்ற செயற்கை றப்பரைத் துத்தநாக உப்போடு சேர்த்துச் சூட்டில் வார்த்த திடக்கரு வந்தது. தூரமும் உறுதியும் கிடைத்தன, விலையும் குறைந்தது. சாதாரண ஆட்டக்காரர் மகிழ்ந்தார். தேர்ந்தவர்களோ கல்லை அடிப்பது போலிருக்கிறது என்று பலாட்டாவையே வைத்திருந்தார்கள். சுமார் முப்பது ஆண்டு இந்த இழுபறி.

தீர்த்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. எல்லாக் குணத்தையும் ஒரே பொருளில் தேடுவதை விட்டு, வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நடுவில் துள்ளும் கரு. அதன் மேல் கடினமான ஓர் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத மென்மையான யூரத்தேன் தோல். ஓங்கி அடிக்கும்போது பந்து முழுவதும் நசுங்கிக் கருவும் கடின அடுக்கும் வேலை செய்கின்றன. பந்து அதிகம் சுழலாமல் தூரம் போகிறது. மெதுவாகத் தட்டும்போது மேல் தோல்தான் பேசுகிறது. இதமும் சுழற்சியும் கிடைக்கின்றன. 2000இல் டைட்டிலிஸ்ற் கம்பனியின் புரோ வீ 1 என்ற பந்து இந்த முறையில் வந்ததும், நூல் சுற்றிய பலாட்டாப் பந்து ஓரிரு வருடத்தில் போட்டிகளிலிருந்து மறைந்தது. இப்போது பந்து அளவுக்கு மீறிப் பறக்கிறது என்று கவலை! எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்ற விதிகள் முன்பே உண்டு. 2023 டிசம்பரில் தூரத்துக்கான சோதனையையும் இறுக்குவதாக விதி வகுப்போர் அறிவித்தார்கள்.

பலாட்டாவின் சந்தை போனது. நம் பாலைக்கு அப்படி ஒரு சந்தை வந்ததே இல்லை. அது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனத்த அதன் வைரத்தை எல்லோரும் அறிவார்கள். வளவு துப்புரவாக்கும்போது முதலில் கோடரி விழுவதும் அதன் மேல்தான். மிக மெதுவாக வளரும் மரம் அது. இன்று கன்று நட்டால் நிழலில் இருக்கப் போவது பேரப்பிள்ளைகள்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பழக்காலத்தில் பட்டையைக் கீறாமல், காய்க் காம்பைக் கிள்ளினால் வரும் பாலை ஒரு கண்ணாடித் துண்டில் சேர்த்துக் காய விடுங்கள். காய்ந்ததை விரலால் இழுத்துப் பாருங்கள். துள்ளித் திரும்புகிறதா, இழுத்த இடத்திலேயே நிற்கிறதா? பிறகு ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு வெந்நீரில் போட்டு, இளகுகிறதா, ஆறியபின் இறுகுகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஒரு துண்டு சைக்கிள் டியூபையும் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். கண்டதைத் திகதியோடு குறித்து எனக்கு எழுதுங்கள்.