கேள்வியை யார் கேட்பது?

டிசம்பர் முதலாம் திகதி உலக எயிட்ஸ் தினம். சம்பளமும் வீடும் காணியும் தீராத பிரச்சினைகளாக இருக்கையில், தோட்டத் தொழிற்சங்க இதழுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. எச்.ஐ.வி. சிகிச்சையிலும் தடுப்பிலும் நாடு எதை ஆய்வு செய்ய வேண்டும், எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் தோட்டத் தொழிலாளிக்கும் ஓர் இடம் வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். அதன்பின் நமது அரச சுகாதார சேவை செய்திருக்கும் பணி சிறியதல்ல. பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்றளித்தது. லயங்களுக்கு மலையேறி வந்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், இரத்தம் கொடுத்த நம் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அதில் பங்குண்டு. தொற்று குறைவாக உள்ள நாடு என்பதால் ஆய்வுக்குக் கிடைக்கும் பணமும் குறைவு. ஆகவே எந்தக் கேள்விக்கு அதைச் செலவிடுவது என்பது முக்கியமாகிறது.

கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு நம்மைப் போலவே கொழுந்து பறிப்பவர்களின் கதை ஒன்று உண்டு. கென்யாவில் கெரிச்சோ என்ற தேயிலைப் பிரதேசத்துத் தொழிலாளர்களைப் பற்றி 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. எயிட்ஸ் காரணமாக வேலையை விட்டு நீங்கியவர்களும் இறந்தவர்களும் தங்கள் கடைசி ஒன்றரை வருடத்தில் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 4 முதல் 8 கிலோ வரை குறைவாகவே பறித்திருந்தார்கள். கடைசி வருடத்தில் அவர்களது வருமானம் சுமார் 18 வீதம் குறைந்திருந்தது. கிலோ குறைந்தால் என்ன ஆகும் என்பதை அரைப் பேர் வாங்கிய எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வை நாம் குறை சொல்லவில்லை. நோய் முற்றும்வரை தொழிலாளி மலைக்குப் போய்க்கொண்டே இருந்தார் என்பதையும் அதுதான் காட்டியது. ஆனால் அது கேட்ட கேள்வி, உழைப்பின் அளவு எவ்வளவு குறைந்தது என்பது. நிறுவைத் தராசில் தெரிந்தது அதற்குப் பதிலானது. அந்த வீட்டில் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆனது, முன்கூட்டியே பரிசோதனைக்குப் போக விடாமல் தடுத்தது எது என்பவை வேறு கேள்விகள். அவற்றைத் தொழிலாளிதான் கேட்பார்.

தொழிலாளர்கள் கேட்டபோது என்ன நடந்தது என்பதைத் தென்னாபிரிக்கா காட்டியது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் என்ற மருந்தை, ஆய்வுக்கென ஒதுக்கிய சில இடங்களில் மட்டுமே தருவோம் என்றது அந்நாட்டு அரசு. நோயாளர்கள் 1998இல் தொடங்கிய சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கம் வழக்குத் தொடுத்தது. கொசாட்டு என்ற தொழிற்சங்கச் சம்மேளனம் அந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க உத்தரவிட்டது.

அப்படியானால் மலையகத்தின் கேள்விகள் எவை? நாம் மூன்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒரு நாள் பேர். சிகிச்சை இலவசம்தான். ஆனால் நகரத்துச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். கிளினிக் நேரத்தை மாற்றினால், பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்தால், எத்தனை பேர் விடாமல் சிகிச்சை பெறுவார்கள்?

இரண்டாவது, வெளிநாட்டு வேலை. வளைகுடாவுக்குப் போகும் நம் பெண்களுக்குப் பயணத்துக்கு முன்பே எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. பரிசோதிக்கப்பட்டவர் கணக்கில் வருவார், பரிசோதிக்கப்படாதவர் வரமாட்டார். இதனால் பழி பெண்கள் தலையில் மட்டும் விழக்கூடும். 'தகுதியில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுபவர் அதன்பின் சிகிச்சைக்குப் போய்ச் சேருகிறாரா, இல்லையா?

மூன்றாவது, மொழியும் இரகசியமும். மொழிபெயர்க்க இன்னொருவரை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேச யார் துணிவார்? தமிழில் நேரடியாக ஆலோசனை கிடைக்கும் இடத்தில் பரிசோதனைக்கு வருவோர் கூடுகிறார்களா?

இவற்றோடு நம் நிபந்தனைகளும் உண்டு. ஆய்வு என்ற பெயரில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி இரத்தம் எடுப்பதை ஏற்க மாட்டோம். பரிசோதனை விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரை, இலக்கம் 200, சொல்கிறது. முடிவுகள் நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது. தோட்டத்தின் பெயரையும் அச்சிடக்கூடாது. நானூறு குடும்பங்கள் வாழும் தோட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினாலே அவர் யாரென்று தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆய்வின் முடிவு நமக்குத் தமிழில் திரும்பி வரவும் வேண்டும்.

ஆய்வுகளால் ஏற்கனவே நன்மை கிடைத்திருக்கிறது. சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைகிறது என்று 2011இல் பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதி. ஒரே லயத்தில் வாழ்வதாலோ, ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதாலோ, பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதாலோ தொற்றாது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டதைச் சேருங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். அவற்றைத் தொகுத்துச் சுகாதார அமைச்சுக்கும் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்கும் சங்கத்தின் பெயரால் அனுப்புவோம்.