சீமோனும் வெரோணிக்காவும்: படைவீரர் குடும்பங்களுக்குத் துணை யார்?

போர்ச் செய்திகளில் ஆயுதங்களின் பெயர்கள்கூட நமக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. போருக்குச் சென்றவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பது குறைவு. அந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுபவர், பெரும்பாலும் இன்னொரு படைவீரரின் மனைவியே.

1965 நவம்பரில் வியட்நாமின் இயா திராங் பள்ளத்தாக்கில் கடும் சண்டை நடந்தது. அங்குப் போரிட்ட அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் ஹால் மூர் என்னும் கத்தோலிக்கர். அவரது படையினரின் குடும்பங்கள் பல, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமைச் சுற்றிக் குடியிருந்தன. இறப்புச் செய்தியைத் தந்தியாக அனுப்பிய இராணுவம், அதை வீடுகளில் கொடுக்கும் பொறுப்பை டாக்சி ஓட்டுநர்களிடம் விட்டிருந்தது! இளம் மனைவியர் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு தனியே நின்றார்கள்.

ஹால் மூரின் மனைவி ஜூலியா 5 பிள்ளைகளின் தாய். பதவி எதுவும் இல்லாதவர். தந்தி சென்ற வீடுகளுக்கு அவரும் சென்றார். கைம்பெண்களோடு அமர்ந்தார், அடக்கச் சடங்குகளில் உடன் நின்றார். அதோடு நிற்காமல், இது முறையல்ல என்று மேலிடத்தில் முறையிட்டார். அதன் பின்னரே, அதிகாரி ஒருவரும் ஆன்ம குரு ஒருவரும் நேரில் சென்று அறிவிக்கும் நடைமுறை வந்தது. ஆறுதல் சொன்னதைவிட அவர் முறையிட்டதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில், அரசு செய்ய வேண்டியதைப் பெண்களின் அன்பு செய்துகொண்டே இருந்தால், அரசுக்கு அது வசதியாகிவிடும்.

சிலுவைப்பாதையின் 5ஆம் நிலையில் சீமோன் கட்டாயப்படுத்தப்படுகிறார். 6ஆம் நிலையில் வெரோணிக்கா தாமாகவே முன்வருகிறார். படைக்குடும்பப் பணியில் இந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. அதிகாரியின் மனைவி 'தொண்டு' செய்யாவிட்டால் கணவரின் பதவி உயர்வு பாதிக்கப்படும் என்ற அச்சம் அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது. மனைவியரை வற்புறுத்தக் கூடாது என்று அந்நாட்டின் பாதுகாப்புத் துறை 1988இல் ஆணையே பிறப்பிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1966இல் இராணுவ மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு கைம்பெண்களுக்கும் சிறப்புக் குழந்தைகளுக்கும் நற்பணி ஆற்றி வருகிறது. எனினும் அங்கும் தலைமைப் பொறுப்பு, தரைப்படைத் தளபதியின் துணைவியாருக்குக் கணவரின் பதவி வழியாகவே வருகிறது. சிப்பாயின் மனைவி அங்கே மனம்திறந்து குறை சொல்ல முடிகிறதா என்பது கேட்கத்தக்க கேள்வி.

நம் பங்குகளுக்கும் இதில் பங்குண்டு. ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலியில் எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக மன்றாடுகிறோம். அவர்களது மனைவியர் அதே ஆலயத்தில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறார்கள். மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் அலைவதும் அவர்கள் ஒருவரே. நமது அன்பியக் கூட்டங்களில் அந்த வீடுகளின் பெயர் எப்போது எழுந்தது? கணவர் விடுமுறையில் வரும் மாதத்தில் அன்றி, மற்ற மாதங்களில் அங்கே சென்றவர் யார்?