நன்கொடையும் வசூலும்

சென்ற வாரம் நமது வீட்டு வாசலுக்கு ஒரு ரசீதுப் புத்தகம் விஜயம் செய்தது. கொண்டுவந்த கனவான், "நன்கொடை வசூலுக்கு வந்திருக்கிறோம்" என்றார். ரசீதைப் பார்த்தோம். நாம் கொடுக்கவேண்டிய தொகையை அவரே எழுதி வைத்திருந்தார்! பேசாமல் கொடுத்தனுப்பினோம். ஆனால் அவர் சொன்ன அவ்விரு வார்த்தைகள் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

வசூல் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். வரிக் கணக்கோடும் கச்சேரியோடும் பழகியது. அதிலே கேட்பவருக்கு அதிகாரம் உண்டு. கொடாதவருக்கு ஜப்தியும் உண்டு. நன்கொடையோ மனமுவந்து அளிக்கும் நல்ல கொடை. இவ்விரண்டுக்கும் முடிச்சுப் போடலாமா?

போடலாம் என்று பெரியோர் காட்டியிருக்கிறார்கள். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமை ஒரு விதத்தில் கட்டாயந்தான். ஆயினும் அந்த விகிதத்தைக் கூடிப் பேசி நிர்ணயித்தவர்கள் கொடுத்தவர்களே அன்றோ! விருதுநகரில் 1889-ல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். பிற்காலத்தில் முதன் மந்திரியாகி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த காமராஜர் அங்கே படித்தவர்தாம். 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு மகாத்மா காந்தி ஒரு கோடி ரூபாய் கேட்டார், தேசம் கொடுத்தது. ஜப்தி அமீனா எவரும் வீடு தேடிப் போகவில்லை.

பிற்பாடு நேர்ந்ததைத்தான் சொல்ல வாய் கூசுகிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்டு நின்ற தகப்பனாரிடமும் 'நன்கொடை' கேட்டார்கள். வீட்டுக்காரி கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அது கொடையா? விலை அல்லவா? இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-ல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. சட்டம் பணத்தைத் தடுக்கலாம். கெட்டுப்போன வார்த்தையைத் திருத்துமா? நன்கொடை என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்துகிறவர்கள் பெருகினால், நஷ்டப்படுவது யார்? உண்மையாகவே கையேந்தி நிற்கும் அநாதை விடுதியும் இலவச வைத்தியசாலையுமே.

ஆகவே நேயர்களுக்கு நமது யோசனை இதுதான். கொடுப்பவனுக்கு அதில் வாய் உண்டா? செலவுக் கணக்கு ஊரறியக் காட்டப்படுமா? இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அது நன்கொடை, தாராளமாய்க் கொடுங்கள். இல்லையேல் அதற்குரிய பெயரைச் சொல்லியே அழையுங்கள்.

நம் வாசலுக்கு வந்த கனவானுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவாருங்கள். நீங்கள் எழுதியிருந்ததைக் காட்டிலும் சற்று அதிகமாகவே நாம் எழுதக் கூடும்!